தக்வா: அச்சமா, பேணுதலா?

கோவளத்திற்குச் சென்றிருந்தபோது, ஹள்ரத் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவில் ஸியாரத்தை முடித்துக்கொண்டு, அஸருக்குப் பின் அவ்வூர் மக்தப் ஒன்றில் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி தன் கையிலிருந்த சிறு ஏடொன்றைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். நபிமொழிகள் சிலவற்றைத் தமிழாக்கி, யாரோ இலவசமாக அச்சிட்டு வழங்கிய ஏடு அது. ஒரு பேரீச்சம்பழத்தின் பாதியைக் கொண்டேனும் நரகத்தை அஞ்சிக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றருளியதாக அதில் கண்டிருந்தது.

"ஹஜ்ரத், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பயப்படுவது?" என்று கேட்டாள் அச்சிறுமி.

உடனிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள அந்த ஹதீஸைப் பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். அரபியில் ஓதும்போது அதில் இடறல் ஏதுமில்லை. தமிழில் வந்த பிறகே அது இடறுகிறது. இடறலைக் கண்டுபிடித்தது ஒரு குழந்தை. குறை அதன் அறிவில் இல்லை. நாம் வைத்த சொல்லில் இருக்கிறது.

அந்த ஹதீஸின் முதற்சொல் 'இத்தகூ' என்பது. 'தக்வா' என்னும் சொல்லும், 'முத்தகீன்' என்னும் சொல்லும் அதனோடு ஒரு வயிற்றில் பிறந்தவை. வாவ், காஃப், யா என்னும் மூன்று எழுத்துகளே இவற்றின் வேர். இவ்வேரிலிருந்து நேராகக் கிளைத்த பெயர்ச்சொல் 'விகாயா' என்பதாகும். இமாம் ராகிப் அல்-இஸ்ஃபஹானீ அவர்கள் திருமறைச் சொற்களுக்கென இயற்றிய 'அல்-முஃப்ரதாத்' என்னும் அகராதியில், ஒரு பொருளை அதற்குத் துன்பமும் தீங்கும் தரக்கூடியவற்றினின்று காத்தலே விகாயா என்று பொருள் வரைகின்றார்கள். அஞ்சத்தக்கதினின்று தன்னைக் காப்பில் வைத்துக்கொள்வதே தக்வா என்பது அவர்கள் அடுத்துத் தரும் விளக்கம். ஆகவே தீங்கைத் தடுத்தல், காத்தல், காத்துக்கொள்ளுதல் என்பதே இச்சொல்லின் முதற்பொருள். அச்சம் என்பது அதற்குப் பின்னர் ஏறிய பொருள். அஞ்சுகிறவன் காத்துக்கொள்வான் என்பதால், காரணத்தின் பெயர் காரியத்திற்கும், காரியத்தின் பெயர் காரணத்திற்கும் ஆகி வந்ததை அந்த இமாமே எடுத்துச் சொல்லிவிடுகின்றார்கள்.

இப்போது அந்தக் குழந்தையின் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. பாதிப் பேரீச்சம்பழத்தைக் கொண்டு யாரும் அஞ்ச முடியாது. ஆனால், பசித்தவன் ஒருவனுக்கு அதைக் கொடுத்து, அந்தத் தர்மத்தை நரகத்திற்கும் தனக்கும் இடையே ஒரு தடுப்பாக வைத்துக்கொள்ள முடியும். பாதிப் பழத்தைக் கொண்டேனும் நரகத்தினின்று உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்று தமிழாக்கியிருந்தால் பிள்ளைகளுக்குச் சிரிப்பதற்கு இடமே இருந்திராது. கேட்டவுடன் ஒருவேளை அவர்கள் பழத்தைத் தேடியிருப்பார்கள்.

நம் தமிழ்த் தர்ஜமாக்களை எடுத்துப் பாருங்கள். 'தக்வா' வருமிடமெல்லாம் பெரும்பாலும் 'இறையச்சம்' என்றோ 'பயபக்தி' என்றோ காணப்படும். ஆனால் அதே வேரில் பிறந்த வினைச்சொல் துஆவாக வரும்போது நிலைமை வேறு. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் நம் வீட்டுச் சிறுவர்கள்கூட ஓதும் 'ரப்பனா ஆத்தினா' துஆவின் இறுதியில் வரும் 'கினா' என்னும் சொல்லை, எங்களைக் காத்தருள்வாயாக என்றே எல்லோரும் மொழிபெயர்க்கின்றனர். அத்தஹ்ரீம் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தில், உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நெருப்பினின்று காத்துக்கொள்ளுங்கள் என்று வரும் 'கூ' என்னும் ஏவலும் அப்படியே. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 81-ஆம் வசனத்தில், வெப்பத்தினின்று காக்கும் ஆடைகளையும் போரின் தாக்குதலினின்று காக்கும் கவசங்களையும் அருளியதாக அல்லாஹ் நினைவூட்டுகின்றான். அங்கும் இதே வேர்தான். ஆடையும் கவசமும் அஞ்சுவதில்லை, அவை காக்கின்றன. வேர் ஒன்று, நூல் ஒன்று, மொழிபெயர்ப்பாளரும் ஒருவர். வினையாக வந்தால் காப்பு. 'தக்வா'வாக வந்தால் அச்சம். இரண்டும் ஒரே சொல்லின் மக்கள் என்பதைத் தமிழில் மட்டும் ஓதுகிற ஒருவர் எங்ஙனம் அறிவார்?

அன்றியும், அச்சத்தைக் குறிக்கத் திருமறையில் வேறு சொற்கள் இல்லாமற் போகவில்லை. கவ்ஃப் உண்டு; கஷ்யத் உண்டு; ரஹ்பத் உண்டு. அந்நூர் அத்தியாயத்தின் 52-ஆம் வசனத்தை நோக்குக. அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் வழிப்பட்டு, அல்லாஹ்வை அஞ்சி, அவன்பால் தக்வாவும் கொண்டோரே வெற்றியாளர்கள் என்பது அதன் கருத்து. கஷ்யத்தும் தக்வாவும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. தக்வாவும் அச்சமே என்று கொண்டால், அஞ்சி அஞ்சினோர் என்று பொருளாகிவிடும். திருமறையில் ஒரு சொல்லும் வீண் இல்லை என்பது நம் நம்பிக்கை. அஞ்சுவது உள்ளத்தின் வேலை, அந்த அச்சம் ஏவியபடி காத்து நடப்பது வாழ்வின் வேலை என்று பிரித்துப் பொருள் கொண்டால் இரு சொற்களுக்கும் உரிய இடம் கிடைக்கிறது.

அத்தகாபுன் அத்தியாயத்தின் 16-ஆம் வசனமும் இதற்குச் சான்று. இயன்ற அளவு தக்வா செய்யுங்கள் என்று அங்கே கட்டளை வருகிறது. அச்சத்திற்கு இயன்ற அளவு, இயலாத அளவு என்று கணக்கு உண்டா? வந்தால் வருகிறது, வராவிட்டால் இல்லை. காத்துக்கொள்வதற்குத்தான் ஆற்றலும் அளவும் உண்டு. ஒருவன் வீட்டுக் கூரையை இயன்ற அளவு வேய்வான், கரையை இயன்ற அளவு கட்டுவான். அதுபோன்ற செயலையே அந்த வசனம் நம்மிடம் கேட்கிறது.

இவ்வாறெல்லாம் கூறுவதால், முன்னோர் செய்த மொழிபெயர்ப்புகளைக் குறை சொல்ல முனைந்தேன் என்று எவரும் கருதிவிடலாகாது. ஆ.கா. அப்துல் ஹமீது பாக்கவீ போன்ற பெரியார்கள் தமிழில் வழியே இல்லாத இடத்தில் வழி வெட்டியவர்கள். அவர்கள் 'அச்சம்' என்னும் சொல்லை எடுத்ததற்கு இரண்டு நியாயங்கள் உண்டு.

முதலாவது, 'இத்தகுல்லாஹ்' என்னும் தொடரின் அமைப்பு. அதில் செயப்படுபொருள் அல்லாஹ்வின் திருப்பெயர். அல்லாஹ்வைக் காத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் பொருள் அடியோடு கெடும். அவனுடைய கோபத்தினின்றும் வேதனையினின்றும் காத்துக்கொள்ளுங்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விரித்துரைப்பதைத் தர்ஜமாவின் ஒரு சொல்லுக்குள் அடக்குவது எளிதன்று. இரண்டாவது, தமிழில் அஞ்சுதல் என்பது பண்டு வெறும் நடுக்கத்தைக் குறித்ததன்று. அஞ்சத்தக்கதை அஞ்சுவது அறிவுடையோர் தொழில் என்பது வள்ளுவர் கருத்து. பழிக்கு அஞ்சுதல் என்றால் பழி வராமல் நடத்தல் என்றே பழந்தமிழர் கொண்டனர். அந்தச் செவிக்கு 'இறையச்சம்' பொருந்திய சொல்லாகவே இருந்திருக்கும்.

ஆனால் சொற்கள் தேய்வன. இன்றைய செவிக்கு அச்சம் என்றால் பயம். பயம் என்றால் பேயும் இருளும் பிரம்பும். பிள்ளைகளை அடக்க நாம் கையாளும் சொல் அது. தக்வா என்றால் அல்லாஹ்வுக்குப் பயப்படுவது என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, பயந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறது. வளர்ந்த பின் பயம் தெளிந்துவிட்டால், தக்வாவும் அதோடு போய்விடுகிறது. இது சொல்லாராய்ச்சியோடு முடிகிற சங்கதி அன்று என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எத்தனையோ பேர் பயான் கேட்டுக் கண்ணீர் வடிக்கின்றனர். மறுநாள் மகனுக்குப் பெண் பார்க்கச் சென்று கைக்கூலி பேசுகின்றனர். அச்சம் அவர்களிடம் இல்லையென்று சொல்ல முடியாது, கண்ணீர் பொய்யன்று. இல்லாதது காப்பு. அச்சம் வந்து போய்விட்டது. அநீதிக்கும் தமக்கும் இடையே எதையும் அவர்கள் நிறுத்தி வைக்கவில்லை.

அந்த நிகாஹ் சபையிலேயே என்ன ஓதப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நிகாஹ் குத்பாவில் ஓதப்பெறும் ஆலு இம்ரான் 102, அந்நிஸா 1, அல்-அஹ்ஸாப் 70 ஆகிய வசனங்கள் மூன்றிலும் 'இத்தகூ' என்னும் ஏவல் ஒலிக்கிறது. மணமகனை மிரட்டுவதற்காகவா அவை அங்கே ஓதப்படுகின்றன? ஒரு பெண்ணின் உரிமையும், இரு குடும்பங்களின் மானமும் அவன் கையில் ஒப்படைக்கப்படும் வேளை அது. காக்கும்படி சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான வேளை வேறெது?

அந்நிஸாவின் அந்த முதல் வசனத்தில் நுட்பம் ஒன்று உண்டு. பெரும்பாலான காரிகளின் ஓதல்முறைப்படி, ஒரே 'இத்தகூ'வுக்கு இரண்டு செயப்படுபொருள்கள் அமைகின்றன. ஒன்று அல்லாஹ், மற்றொன்று 'அல்-அர்ஹாம்', அதாவது இரத்த உறவுகள். தமிழாக்குவோர் முதலாவதற்கு அஞ்சுங்கள் என்று எழுதிவிடுகின்றனர். இரண்டாவதில் வந்ததும் கை தயங்குகிறது. மாமியையும் சாச்சாவையும் அஞ்சுங்கள் என்று எப்படி எழுதுவது? ஆகவே சிலர், துண்டித்துவிடுவதற்கு அஞ்சுங்கள் என்று சொற்களைக் கூட்டிக்கொள்கின்றனர். சிலர், உறவுகளைப் பேணுங்கள் என்று வேறொரு வினையை வருவித்துக்கொள்கின்றனர். இரண்டாமவர் தம்மையறியாமல் சரியான சொல்லைத் தொட்டுவிட்டனர் என்பது என் கருத்து. அரபியில் ஒரு வினை இரண்டையும் தாங்கி நிற்கிறது. தமிழிலும் அந்த இரண்டையும் தாங்கக்கூடிய வினை ஏதேனும் உண்டென்றால், அது அந்தப் 'பேணுதல்' ஒன்றே.

இச்சொல்லை நான் புதிதாகக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. நம் வீடுகளில் இது எப்போதும் இருந்துவருகிறது. 'அவர் பேணுதலான மனிதர்' என்று நம் பெரியவர்கள் சொன்னால், அவர் ஹராமான கவளத்தைத் தொடமாட்டார், ஐயத்திற்கிடமான காசை வாங்கமாட்டார், நாவைக் காப்பார், பிறர் பொருளில் கை வையார் என்றெல்லாம் பொருள். 'தொழுகையைப் பேணித் தொழு' என்று பிள்ளைக்குச் சொன்ன உம்மாமார்கள், நேரம் தவறாமை, உளூவின் தூய்மை, உள்ளத்தின் ஒருமை அனைத்தையும் அந்த ஒரு சொல்லில் அடக்கினார்கள். அகராதி பாராத அவர்கள் நாவில் தக்வாவின் வேர்ப்பொருள் பழுதின்றித் தங்கியிருந்தது. ஏடு எழுதிய நாமே அதைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கிவிட்டு, 'பயபக்தி'யை அரியணையில் ஏற்றினோம்.

'தற்காத்தல்' என்னும் சொல்லை வைக்கலாமே என்று அன்பர் ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. தன்னைக் காத்துக்கொள்ளும் இல்லாளை வள்ளுவர் வாழ்த்தியது அச்சொல்லால்தான். எனவே அது மாண்புடைய சொல்லே. ஆனால் இன்று தற்காப்பு என்றால் சிலம்பமும் கராத்தேயும் நினைவுக்கு வருகின்றன. அன்றியும் தன்னை மட்டும் காத்துக்கொள்வது என்று அது குறுகிவிடுகிறது. 'காப்பு' என்பதற்கும் இக்கதியே நேர்ந்தது. காத்தல் என்னும் தொழிலைக் குறித்த அது, நூலின் முகப்பில் பாடப்படும் செய்யுளுக்குப் பெயராகி, கையில் அணியும் வளையலுக்கும் பெயராயிற்று. நம்மிடையே 'தஃவீத்' என்னும் அரபிச் சொல்லும் அவ்வழியே சென்றது. இறைவனிடம் காவல் தேடுதல் என்னும் செயலைக் குறித்த அச்சொல், 'தாயத்து' என்று உருமாறி, கயிற்றில் கட்டும் தகட்டுக்குப் பெயராகிவிட்டது. செயலைக் குறித்த சொல் பொருளுக்குப் பெயராகும்போது, செய்ய வேண்டியதைக் கட்டிக்கொண்டால் போதும் என்ற மயக்கமும் கூடவே வருகிறது. தக்வாவும் தலைப்பாகைக்கும் தாடிக்கும் பெயராகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

தக்வா யாதென்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உபை இப்னு கஃபு (ரலி) அவர்களிடம் வினவியதாக இமாம் இப்னு கதீர் தம் தஃப்ஸீரில் எடுத்தெழுதும் செய்தியை ஆலிம்கள் அறிவர். முள் நிறைந்த பாதையில் நடந்ததுண்டா என்று உபை அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். உண்டு என்றார்கள் உமர் அவர்கள். அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்க, ஆடையை வரிந்துகொண்டு கவனமாக முயன்று நடந்தேன் என்றார்கள். அதுவே தக்வா என்றார்கள் உபை அவர்கள். இதை விளங்கக் கோவளம் போன்ற கரையோரத்து மக்களுக்கு அரபுப் பாலைக்குப் போகவேண்டியதில்லை. நம் கடற்கரை மணல்மேடுகளில் இராவணன் மீசை என்றொரு புல் உண்டு. அதன் நுனி ஊசியாய்க் குத்தும். அதற்கிடையே வெறுங்காலோடு நடப்பவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடி பார்த்து அடி வைப்பார். பயந்து நின்றுவிடுவதில்லை, பாராமல் ஓடுவதுமில்லை. உபை (ரலி) அவர்களின் உவமையில் நடுக்கம் என்ற பேச்சே இல்லை. நடை இருக்கிறது, கவனம் இருக்கிறது.

கடலும் இதையே கற்பிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோது, கோவளமும் அடி வாங்கிய ஊர்களுள் ஒன்று. அதன் பின்னர் கடலைக் கண்டு அஞ்சாதவர் இக்கரையில் யார்? அச்சம் மட்டுமே விடையென்றால் அதன்பின் ஒரு படகும் இறங்கியிருக்கலாகாது. ஆனால் இறங்கின. காற்றைப் பார்த்து, நீரோட்டத்தைப் பார்த்து, எச்சரிக்கையைக் கேட்டு இறங்கின. முன்னறிவிப்புக் கொடுக்க ஐதராபாத்தில் 2007-ஆம் ஆண்டு ஒரு மையமும் நிறுவப்பட்டது. அச்சம் மனிதனைக் கரையில் நிறுத்திவிடும். காப்பு அவனைக் கடலுக்கு அனுப்பி, மீண்டும் வீடு சேர்க்கும். துன்யா என்னும் கடலில் இறங்காமல் இருக்க நமக்கு அனுமதியில்லை. துறவறம் நம் மார்க்கத்தில் இல்லை. ஆகவே நமக்கு வேண்டியது இரண்டாவதே.

இன்னொரு பயனும் உண்டு. அச்சம் என்று கொண்டால் தக்வா எனக்கும் என் இறைவனுக்கும் இடைப்பட்டதாய் முடிந்துவிடும். காத்தல் என்று கொண்டால் என்னால் பிறருக்கு வரும் தீங்கையும் நான் தடுத்தாக வேண்டும். முஸ்லிம் ஷரீஃபில் வரும் ஒரு ஹதீஸில், சாபத்தை வரவழைக்கும் இரண்டினின்று 'இத்தகூ' என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்து, மக்கள் நடக்கும் வழியிலும் அவர்கள் தங்கும் நிழலிலும் மலசலம் கழிப்பதை அவ்விரண்டாகக் குறித்தருளினார்கள். ஊரின் தூய்மையும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டது! 2021-ஆம் ஆண்டு கோவளம் கடற்கரைக்குத் தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான நீலக்கொடிச் சான்று கிடைத்தபோது, அதைச் சுற்றுலாச் செய்தியாக நாம் படித்துவிட்டுப் போனோம். இந்த ஹதீஸின் வெளிச்சத்தில் அதைப் படித்திருக்க வேண்டும். ஸியாரத்துக்கும் உல்லாசத்துக்கும் வந்து, உண்ட இலையையும் நெகிழிப் பையையும் மணலில் விட்டுப்போகும் நம்மவர், தாம் தக்வாவுக்கு மாறு செய்கிறோம் என்று கனவிலும் எண்ணுவதில்லை. பயம் என்ற சொல் அவர்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

இன்றைய அரபு நாடுகளில் விகாயா என்னும் சொல் தெருவெங்கும் வழங்குகிறது. நோய் வருமுன் காக்கும் மருத்துவத்துக்கு 'அத்திப்புல் விகாயீ' என்று பெயர். சிகிச்சையைவிட விகாயா மேல் என்பது அவர்களிடையே பழமொழி. வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நம் பிள்ளைகள், தீத்தடுப்பு அறிவிப்புப் பலகைகளில் இச்சொல்லைப் பார்த்திருப்பார்கள். திருமறை நெருப்பினின்று காக்கச் சொன்ன அதே வேர்ச்சொல் அது. வருமுன் காவாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு வள்ளுவர் ஒப்பிட்டதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அச்சத்தை மார்க்கத்திலிருந்து அகற்றிவிடப் பார்க்கிறீரோ என்று சிலர் வினவக்கூடும். இல்லை. கஷ்யத்தும் கவ்ஃபும் இருக்குமிடத்தில் இருக்கட்டும். அவற்றை அச்சம் என்றே எழுதுவோம். தக்வாவுக்கு அதன் சொந்தப் பொருளைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அதனால் சுமை குறையவும் இல்லை, கூடுகிறது. பயந்தவன் ஒரு நொடியில் பயந்து முடிக்கலாம். பேணுகிறவனுக்கு வாழ்நாள் முழுதும் வேலை இருக்கிறது.

எனவே தர்ஜமா எழுதுவோருக்கும் மக்தப் பாடநூல் ஆக்குவோருக்கும் சிறியேன் முன்வைப்பது இதுவே. 'முத்தகீன்' வருமிடத்தில் பேணுதலுடையோர் என்று எழுதலாம். 'இத்தகுல்லாஹ்' வருமிடத்தில் அல்லாஹ்வை அஞ்சிப் பேணி நடங்கள் என்று எழுதலாம். அச்சமும் காப்பும் இரண்டும் அதில் அடங்கும். நரகம், அநீதி, அநீதியிழைக்கப்பட்டோரின் முறையீடு ஆகியவற்றோடு 'இத்தகூ' வருமிடங்களில் காத்துக்கொள்ளுங்கள் என்று நேராகவே எழுதிவிடலாம். இவற்றினும் சிறந்த சொற்களை வாசக அன்பர்கள் காட்டினால் ஏற்கக் காத்திருக்கிறேன்.

ஷாபிஈ மத்ஹபில் தக்வாவைக் கொண்டு வஸிய்யத்துச் செய்வது ஜும்ஆவின் இரு குத்பாக்களிலும் ருக்னு. அந்த வஸிய்யத்து இல்லையேல் குத்பாவே இல்லை. வாரந்தோறும் மிம்பரிலிருந்து நம் செவிக்கு வரும் அந்த வஸிய்யத்தைப் பயங்காட்டுதலாகக் கேட்டது போதும். பயணம் புறப்படும் பிள்ளையின் தலையைத் தடவி, 'பார்த்துப் போ, பத்திரமாய் வா' என்று வாப்பா சொல்வதைப் போல் அதை இனிக் கேட்போம்.

கோவளத்துச் சிறுமியிடம் அன்று ஹதீஸின் பொருளை விளக்கிச் சொன்னேன். கேட்டு முடித்ததும், 'அப்படியென்றால் என் பங்கில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தாலும் சேருமா, ஹஜ்ரத்?' என்றாள். சேரும் அம்மா, சேரும் என்றேன். ஒரு சொல் தன் இடத்தில் வந்து அமர்ந்தால் அது உடனே கைக்கு இறங்கிவிடுகிறது.

வல்ல நாயன் நம் அனைவரையும் பேணுதலுடையோர் கூட்டத்தில் சேர்த்தருள்வானாக! ஆமீன்.